ஜேடி வாய்ப்பைக் கணித்துத் தரும் 300 டாலர் ரிப்போர்ட்: வாங்கலாமா?

அமெரிக்காவில் ஜேடி (அங்கே வக்கீலாகப் படிக்கிற சட்டப் பட்டம்) படிக்க விண்ணப்பிக்கும் நம்மூர் இன்ஜினியர்களுக்காக இதை எழுதுகிறேன், ஏனென்றால் இந்த மாதிரி சேவைகளெல்லாம் அங்கேயே டிகிரி முடித்தவர்களை மனதில் வைத்துத்தான் நடக்கின்றன. எல்சாட் (சட்டக் கல்லூரி நுழைவுத் தேர்வு) மதிப்பெண், மார்க்‌ஷீட், ரெஸ்யூமே, பெர்சனல் ஸ்டேட்மெண்ட் (நம்மைப் பற்றி நாமே எழுதும் கட்டுரை) அனுப்பினால் உங்கள் விண்ணப்பம் எந்த அளவுக்குப் போட்டியில் நிற்கும் என்று ஒரு ரிப்போர்ட், கல்லூரிப் பட்டியல், அரை மணி நேர வீடியோ கால். மொத்தம் 300 டாலர். பெயர் வேண்டாம், இதே அச்சில் நிறைய பேர் இருக்கிறார்கள்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். பெர்சனல் ஸ்டேட்மெண்ட்டைப் படித்தவர் விஷயம் தெரிந்தவர். "முதல் இரண்டு பத்தியைத் தூக்கிவிடுங்கள், மூன்றாவதில்தான் நீங்கள் வருகிறீர்கள்" என்றார், தூக்கியதும் நன்றாகத்தான் இருந்தது.

ஆனால் நான் காசு கொடுத்தது வாய்ப்புக் கணக்குக்கு, அங்கேதான் கோட்டை விட்டார்கள். என் பி.இ. 78 சதவீதம். அதை அப்படியே 25ஆல் வகுத்து ஜிபிஏ (4க்கு இத்தனை என்று போடும் சராசரி) 3.12 என்று போட்டு, அதை வைத்தே ஒவ்வொரு கல்லூரிக்கும் இத்தனை சதவீத வாய்ப்பு என்று அட்டவணை தயாரித்திருந்தார்கள். அண்ணா பல்கலைக்கழகப் பேப்பரில் 78 எடுப்பது என்ன பாடு என்பது ஒருபுறம் இருக்கட்டும், வெளிநாட்டுப் பட்டத்துக்கு எல்சாக் (எல்சாட்டை நடத்தி, மார்க்குகளைச் சரிபார்த்துக் கல்லூரிகளுக்கு அனுப்பும் அமைப்பு) ஜிபிஏ கணக்கிடுவதே இல்லையே! மார்க்‌ஷீட்டைப் பரிசீலித்து மிகச் சிறப்பு, சராசரிக்கு மேல், சராசரி, சராசரிக்குக் கீழ் என்ற நாலில் ஒன்றைக் குறித்துக் கல்லூரிக்கு அனுப்பும், அவ்வளவுதான். அதனால் கல்லூரி வெளியிடும் நடு ஜிபிஏவை (சேர்ந்தவர்களை வரிசைப்படுத்தினால் நடுவில் நிற்பவருடைய ஜிபிஏ) நம்மால் ஏற்றவும் முடியாது, இறக்கவும் முடியாது. தரவரிசைக்காக அந்த நடு எண்களைக் கண்ணும் கருத்துமாகக் காப்பாற்றும் கல்லூரிக்கு, நம் விண்ணப்பத்தில் அவர்கள் கணக்கில் ஏறுகிற ஒரே எண் எல்சாட். அது அவர்களுடைய நடு மதிப்பெண்ணைத் தாண்டினால் நம் கை ஓங்கும், தாண்டாவிட்டால் ஈடுகட்ட நம்மிடம் ஜிபிஏ கிடையாது. இந்த ஒரு விஷயம் தெரியாமல் போடுகிற சதவீதத்துக்கு எந்த அர்த்தமும் இல்லை. எல்சாக் தளத்தில் இருக்கும் இலவசக் கணிப்பானும் ஜிபிஏ கேட்கிறதுதான், ஆனால் அதற்கு யாரும் 300 டாலர் கேட்பதில்லை.

சரி, அப்போ எதைப் பார்ப்பது? 509 அறிக்கை. அமெரிக்கன் பார் அசோசியேஷன் அங்கீகாரம் பெற்ற ஒவ்வொரு சட்டக் கல்லூரியும் வருடா வருடம் டிசம்பர் 15க்குள் இதை வெளியிட வேண்டும், யார் வேண்டுமானாலும் இலவசமாக எடுத்துப் பார்க்கலாம். எத்தனை பேர் விண்ணப்பித்தார்கள், எத்தனை பேருக்கு இடம் கொடுத்தார்கள், எத்தனை பேர் சேர்ந்தார்கள், சேர்ந்தவர்களின் எல்சாட் 25, 50, 75ஆவது சதமானத்தில் (50ஆவதுதான் நடு மதிப்பெண்) எவ்வளவு என்று எல்லாம் அதில் இருக்கும். நாம் பார்க்க வேண்டியது எல்சாட் வரியைத்தான். யேல், ஹார்வர்டில் நடு மதிப்பெண்ணே 174ஐ ஒட்டி நிற்கிறது என்பதைப் பார்த்தாலே பாதி ஆசை தெளிந்துவிடும். ஒன்றை மட்டும் கவனியுங்கள், அது போன வருடக் கதை. 2024-25 சுற்றில் விண்ணப்பித்தவர்கள் முந்தைய சுற்றைவிட ஏறக்குறைய 18 சதவீதம் கூடினார்கள், அதனால் நடு எண்ணில் சரியாக உட்கார்ந்திருப்பவர்கள் கொஞ்சம் தள்ளியே கணக்குப் போடுவது நல்லது. எனக்கு வந்த ரிப்போர்ட்டில் இருந்ததோ அதற்கும் பழைய எண்கள்.

"நிச்சயம் கிடைக்கும்" என்று கொடுத்த பட்டியலும் உதவவில்லை. மாணவர் விசாவில் போகிறவருக்கு அமெரிக்க அரசுக் கல்விக் கடன் கிடையாது, ஸ்காலர்ஷிப் இல்லாமல் வெறும் அட்மிஷனை வைத்துக்கொண்டு என்ன செய்வது? எத்தனை பேருக்கு எவ்வளவு ஸ்காலர்ஷிப் என்பதும், மதிப்பெண் நிபந்தனையோடு கொடுத்து அப்புறம் எத்தனை பேரிடம் குறைத்தார்கள் அல்லது பிடுங்கினார்கள் என்பதும் அதே 509இல் இருக்கிறது. இவர்கள் ரிப்போர்ட்டில் பணம் என்ற பேச்சே இல்லை.

அப்புறம், பேட்டண்ட் வக்கீலாக அமெரிக்கப் பேட்டண்ட் அலுவலகத்தின் தேர்வு எழுத அறிவியல் அல்லது தொழில்நுட்பப் படிப்பு வேண்டும், சட்டக் கல்லூரிக்கு வருகிறவர்களில் பெரும்பாலோரிடம் அது இருக்காது. நம் விண்ணப்பத்தில் தனித்துத் தெரிவதே அதுதான். அதற்கு ரிப்போர்ட்டில் ஒரே வரி: "வேலை அனுபவம்: நன்று."

அங்கேயே டிகிரி முடித்து, கட்டுரையைத் திருத்த ஆள் தேடுகிறவர் என்றால் வாங்கலாம். இந்தியப் பட்டம் என்றால் வேண்டாம், இரண்டு ஸ்டார். ஜிபிஏ தவறு என்று விளக்கி மெயில் போட்டேன். மறுநாளே மன்னிப்போடு திருத்திய ரிப்போர்ட் வந்தது, அதில் என் ஜிபிஏ 3.4 ஆகியிருந்தது.