ஜீரோவை மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள்

மதுரை ரிங் ரோட்டில் ஒரு பங்க். 1200 சிசி கார் ஒன்று உள்ளே வருகிறது. "ரெண்டாயிரத்துக்குப் போடுங்க" என்றதும் ஊழியர் "ஜீரோ பாத்துக்கங்க சார்" என்று சத்தமாகச் சொல்லிக்கொண்டே 95 ஆக்டேன் பிரீமியம் நாசிலை டேங்கில் விடுகிறார். கவனித்துக் கேட்டால், "சாதா நாசில் ரிப்பேர் சார். இது போட்டா மைலேஜ் கூடும்" என்கிறார். பில் கேட்டால் ரோல் தீர்ந்துவிட்டதாம். கிளம்பும்போது, பெட்ரோலில் கலந்து ஆக்டேனை ஏற்றும் ஆக்டேன் பூஸ்டர் பாட்டில் ஒன்றையும் நீட்டுகிறார்.

மெஷினில் மூன்று வரி ஓடும்: தொகை, லிட்டர், ஒரு லிட்டர் விலை. ஜீரோவைக் காட்டியவர் மூன்றாவது வரியைக் காட்ட மாட்டார். சாதா 101, பிரீமியம் 109 என்று வைத்துக்கொண்டால், 2000 ரூபாய்க்கு ஏறக்குறைய ஒன்றரை லிட்டர் குறைவாகத்தான் டேங்கில் விழும்.

ஆக்டேன் எண் பெட்ரோலின் சக்தியைச் சொல்வதல்ல. அழுத்தத்தில் தானாக வெடிக்காமல் எவ்வளவு தாங்கும் என்பதைச் சொல்வது. 91 போதும் என்று மேனுவல் சொல்லும் இன்ஜினில் 95 ஊற்றினால் கெடுதல் இல்லை, காசுக்குப் பலனும் இல்லை. போதாக்குறைக்கு, 20% எத்தனால் கலந்த இன்றைய சாதா பெட்ரோலே ஏறக்குறைய 95 ஆக்டேன் வரும் என்று 2025 ஆகஸ்டில் பெட்ரோலிய அமைச்சகமே சொல்லிவிட்டது. பிறகு எந்த 95-க்கு இந்தக் கூடுதல் காசு?

டேங்க் மூடியின் உள்பக்க ஸ்டிக்கரையோ மேனுவலையோ பாருங்கள். 95-க்குக் குறையக்கூடாது என்று அதில் இருந்தால், முக்கியமாக டர்போ வண்டிகளில், 'ஏறக்குறைய' என்பதை நம்பாமல், பேரம் பேசாமல் 95 என்று எழுதியதையே போடுங்கள். தவறிக் குறைந்த ஆக்டேன் விழுந்துவிட்டால் பதற வேண்டாம். ஆக்சிலரேட்டரை அழுத்தி மிதிக்காமல் ஓட்டி, பாதி டேங்க் ஆனதும் 95 நிரப்புங்கள்.

வத்தலக்குண்டு தாண்டி கொடைக்கானல் மலை ஏறும்போது, ஏசி போட்டு மூன்றாவது கியரில் மிதித்தால் தகர டப்பாவில் சில்லறை குலுக்குவது போலச் சத்தம் வருகிறதா? அதுதான் நாக்கிங், அதாவது பெட்ரோல் அழுத்தம் தாங்காமல் தானாக வெடிக்கும் சத்தம். முதலில் கியரைக் குறையுங்கள். பழைய வண்டியில் பிஸ்டன் தலையில் கார்பன் படிந்தாலும் இதே சத்தம் வரும். 95 அதை அடக்கிவைக்குமே தவிர, கார்பன் அங்கேயேதான் இருக்கும்.

பூஸ்டர் பாட்டிலில் "30 பாயிண்ட்" என்று கொட்டை எழுத்தில் இருக்கும். அந்தக் கணக்கில் ஒரு பாயிண்ட் என்பது 0.1 ஆக்டேன். முப்பதும் சேர்ந்தால் மூன்றுதான், 91 என்பது 94 ஆகும். இரும்புச் சேர்மம் உள்ள பூஸ்டர் என்றால் ஸ்பார்க் பிளக்கில் செங்கல் நிறத்தில் படியும், பிளக் மிஸ் அடிக்க ஆரம்பிக்கும்.

அளவில் சந்தேகம் வந்தால் 5 லிட்டர் அளவையில் பிடித்துக் காட்டச் சொல்லுங்கள். 25 மில்லிக்கு மேல் குறையக்கூடாது. மறுத்தால் தொழிலாளர் துறையின் எடையளவுப் பிரிவில் புகார் கொடுக்கலாம், நுகர்வோர் உதவி எண் 1915-க்கும் சொல்லலாம். போனில் பணம் அனுப்பிய ரசீதில் எந்தப் பெட்ரோல் என்று இருக்காது. ரோல் இல்லை என்றால் பெட்ரோல் வகை, விலை, லிட்டர் மூன்றையும் கையால் எழுதி சீல் போட்டு வாங்கிக்கொண்டு கிளம்புங்கள்.