எண்டோமெட்ரியோசிஸ் வலி: எந்த ஹார்மோன் மருந்து யாருக்கு?

கருப்பையின் உட்புறச் சவ்வு போன்ற திசு கருப்பைக்கு வெளியே வளர்ந்து வலி தரும் நோய்தான் எண்டோமெட்ரியோசிஸ். அதற்கு ஹார்மோன் மருந்து என்று டாக்டர் சொன்னதும் பலர் கேட்பது, "இதில் எதுக்கு பவர் அதிகம்?" வலியைக் குறைப்பதில் இந்த மருந்துகளுக்குள் பெரிய இடைவெளி இல்லை. பக்கவிளைவு, செலவு, எத்தனை காலம் தொடரலாம் என்பதில்தான் ஒன்றுக்கொன்று வெகுவாக மாறுபடுகின்றன. எதுவும் நோயை வேரோடு எடுக்காது. நிறுத்தினால் வலி திரும்பலாம். இப்போதே குழந்தைக்கு முயல்கிறவர்களுக்கு இவை பொருந்தாது.

விலை குறைவு என்று பார்த்தால் ஈஸ்ட்ரோஜனும் புரோஜெஸ்டினும் (புரோஜெஸ்டிரோன் ஹார்மோன் போல வேலை செய்யும் மருந்து) கலந்த கருத்தடை மாத்திரை. மாதாமாதம் இடைவெளி விடாமல் தொடர்ந்து சாப்பிட்டால் பெரும்பாலும் பீரியட்ஸ் வராது, அதோடு வரும் வலியும் குறையும். ஆனால் ரத்தம் உறையும் பிரச்சினை இருந்தவர்கள், கண்ணில் ஒளிக்கோடுகள் தெரிந்து ஒற்றைத் தலைவலி வருகிறவர்கள், பிரஷர் அதிகம் உள்ளவர்கள், 35 வயதைத் தாண்டியும் புகைப்பவர்கள் இதைத் தொடக்கூடாது.

அவர்களுக்கு ஈஸ்ட்ரோஜன் இல்லாத, புரோஜெஸ்டின் மட்டும் உள்ள டையனோஜெஸ்ட் மாத்திரை, தினம் 2 மில்லிகிராம். 2010இல் வெளிவந்த ஓர் ஆய்வு இதை மாதாந்திர லூப்ரோலைடு ஊசியோடு (இதைப் பற்றிக் கீழே) 24 வாரம் ஒப்பிட்டது. வலி குறைந்ததில் மாத்திரை பின்தங்கவில்லை. உடம்பு திடீரென்று கொதிக்கும் தொந்தரவும் குறைவு. எனக்கு இதுதான் நல்ல தொடக்கமாகப் படுகிறது. சிக்கல் ஸ்பாட்டிங், அதாவது இடையிடையே லேசாக உதிரம் படுவது. முதல் சில மாதங்கள் எப்போது படும் என்றே தெரியாது. பூஜையறை, கோயில் என்று நாள் பார்க்கும் வீடுகளில் இது சின்ன விஷயமில்லை, முன்கூட்டியே கேட்டுக்கொள்வது நல்லது. மனச்சோர்வு வந்தால் பொறுத்துக்கொண்டிருக்காமல் டாக்டரிடம் சொல்ல வேண்டும். கருத்தடைக்கு இதை மட்டும் நம்பக்கூடாது.

இன்னொரு புரோஜெஸ்டினான நோரெதிஸ்டரோன் நமக்குப் பழக்கமான மாத்திரைதான். கல்யாணம், திருவிழா என்றால் பீரியட்ஸைத் தள்ளிப்போட மெடிக்கல் ஷாப்பில் வாங்குவார்களே, அதே மருந்து. இந்த நோய்க்கும் வேலை செய்கிறது. முகப்பரு, எடை கூடுவது சிலருக்கு உண்டு.

தினம் மாத்திரை மறக்கும் ஆளா? கருப்பைக்குள் பொருத்தும், புரோஜெஸ்டினை மெல்ல விடும் ஹார்மோன் லூப் இருக்கிறது. இதை காப்பர் டியோடு குழப்பிக்கொள்ளாதீர்கள்; காப்பர் டி உதிரப்போக்கையும் வலியையும் கூட்டக்கூடும். லூப் பெரும்பாலும் கருப்பைக்குள்ளேயே வேலை செய்வதால், சினைமுட்டை வெளியேறுவது பலருக்கு நிற்காது. இன்னொரு வழி மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடும் மெட்ராக்ஸி புரோஜெஸ்டிரோன் ஊசி, இதுவும் புரோஜெஸ்டின்தான். நம் அரசு மருத்துவமனைகளில் 'அந்தரா' என்ற பெயரில் கருத்தடைக்காக இலவசமாகப் போடுவது இதுதான். நீண்டகாலம் போட்டால் எலும்பு அடர்த்தி குறையும், நிறுத்திய பிறகு கரு தங்கவும் தாமதமாகும்.

பிரிட்டனில் இந்த நோய்க்கு அறுவை சிகிச்சை முடிந்த 405 பெண்களிடம், லூப் அல்லது இந்த ஊசி ஒரு பக்கம், கருத்தடை மாத்திரை மறுபக்கம் என்று வைத்து ஒப்பிட்டார்கள். 2024இல் வெளியான முடிவு: மூன்று வருடம் கழித்தும் வலியில் வித்தியாசமில்லை. ஆனால் லூப், ஊசிப் பக்கம் இருந்தவர்களுக்கு மறுபடி அறுவை சிகிச்சையோ வேறு சிகிச்சையோ குறைவாகத்தான் தேவைப்பட்டது.

அப்புறம் ஜிஎன்ஆர்எச் வகை, அதாவது சினைப்பையை இயக்கச் சொல்லும் மூளையின் ஹார்மோன் வழியில் தலையிட்டு ஈஸ்ட்ரோஜனைக் குறைக்கும் மருந்துகள். லூப்ரோலைடு ஊசி உடலைத் தற்காலிக மெனோபாஸுக்குக் கொண்டுபோகிறது. தொடக்கத்தில் சில நாள் வலி கூடலாம். எலும்பு தேய்மானத்தைத் தடுக்க, சிறிதளவு ஹார்மோனைத் திருப்பித் தருவார்கள். அது இல்லாமல் ஆறு மாதத்துக்கு மேல் இழுக்கக்கூடாது. இதே வழியில் வந்த மாத்திரை எலகோலிக்ஸ், அமெரிக்காவில் 2018இல் அனுமதி பெற்றது. 2022இல் எண்டோமெட்ரியோசிஸ் வலிக்கு அனுமதி பெற்ற ரெலுகோலிக்ஸ் கலவையில் திருப்பித் தரும் ஹார்மோனும் அதே மாத்திரைக்குள் இருக்கிறது. இந்தக் கலவையை அங்கே இரண்டு வருடம் வரை சாப்பிடலாம். கருத்தடை மாத்திரை, புரோஜெஸ்டின் ஆகிய முதல் இரண்டு வகைகளுக்கும் வலி அடங்காதபோது யோசிக்க வேண்டியவை இவை. எடுத்த எடுப்பில் லூப்ரோலைடு ஊசிக்குப் போவதில் எனக்கு உடன்பாடில்லை.

ஆண் ஹார்மோன் போன்ற பழைய மருந்தான டானசாலும் வலியைக் குறைக்கும்தான். ஆனால் முகத்தில் முடி முளைக்கலாம், குரல் தடித்தால் பழையபடி திரும்பாமலே போகலாம். இன்று யாராவது அதை எழுதித் தந்தால், வேறு எதையெல்லாம் பார்த்துவிட்டு இதற்கு வந்தீர்கள் என்று கேளுங்கள்.