சொந்த ஒலியும் எளிய கருவியும்: சாம்பிள் டிரம் மெஷின்களுடன் என் நெடுநாள் அனுபவம்

மேடை நாடகங்களுக்கும் நடன ஒத்திகைகளுக்கும் தாள இசை அமைத்துத் தருவது என் வேலை. கணினியைத் திறக்காமல், நானே பதிவு செய்த ஒலிகளை ஒரு சிறு பெட்டியில் ஏற்றி, விரல்களாலேயே தாளம் கட்ட வேண்டும் என்பதற்காகப் பல ஆண்டுகளாக சாம்பிள் டிரம் மெஷின்களைப் பயன்படுத்தி வருகிறேன். பதிவு செய்து வைத்த சிறு ஒலித் துண்டுதான் சாம்பிள். இத்தனை காலத்தில் ஒன்று எனக்கு உறுதியாகத் தெரிந்திருக்கிறது. கையாள எளிதான டிரம் மெஷின்களில் நம் ஒலியை ஏற்ற வழி இருப்பதில்லை. நம் ஒலியை ஏற்றுக்கொள்ளும் கருவிகளோ ஆண்டுக்கு ஆண்டு கணினியாக மாறிக்கொண்டே போகின்றன.

எளிமை என்றால் என்ன என்பதை எனக்குக் காட்டியது அலெசிஸ் எஸ்ஆர்-16. 1990-களின் தொடக்கத்தில் சந்தைக்கு வந்து பல பத்தாண்டுகள் விற்பனையில் இருந்த கருவி அது. ஒரு பேட்டர்னுக்கு, அதாவது திரும்பத் திரும்ப ஓடும் தாளக் கோலத்துக்கு, ஏ, பி என்று இரண்டு வடிவங்கள் உண்டு. நடுவே ஃபில் என்று ஒரு பொத்தான் உண்டு. பாட்டு ஏ-யில் போய்க்கொண்டிருக்கும்போது ஃபில்லை அழுத்தினால், டிரம்மர் உருட்டுவதுபோல் ஓர் உருட்டு உருட்டிவிட்டு பி-க்குப் போய்விடும். காலால் மிதிக்கும் ஸ்விட்ச்சை இணைத்துக்கொண்டால் கைக்கே வேலை இல்லை. தனியாக கிட்டார் வாசித்துப் பாடுகிறவர்கள் இன்றுவரை அதைக் கைவிடாமல் இருப்பதற்கு இதுவே போதுமான காரணம். அதற்குள் 233 ஒலிகள் இருக்கின்றன. ஆனால் 234-ஆவதாக என்னுடைய ஒலி ஒன்றைச் சேர்க்க வழியில்லை.

எனக்கோ அந்த ஒலிதான் முக்கியம். தயாராகக் கிடைக்கும் கருவிகளில் மேற்கத்திய டிரம் செட்டும் லத்தீன் தாளக் கருவிகளும் நிறைந்திருக்கும். சிலவற்றில் தபேலா கூட இருக்கும். பறையோ உடுக்கையோ தவிலோ கிடைப்பது அரிது. இருந்தாலும் பொதுவான ஒரு பறை ஒலி எனக்குப் போதாது. எங்கள் குழுவில் வாசிக்கிறவரின் பறை, தீயில் காய்ச்சிய உடனே ஒருவிதமாகவும் சற்று ஆறிய பிறகு வேறுவிதமாகவும் பேசும். எனக்கு வேண்டியது காய்ச்சிய உடனே எழும் அந்த இறுகிய ஒலி. தடித்த குச்சியால் நடுவில் அடிக்கும் அடி, மெல்லிய நீண்ட குச்சியால் ஓரத்தில் வீசும் வீச்சு, இரண்டும் சேர்ந்த அடி என்று மூன்றையும் தனித்தனியாகப் பதிவு செய்து, ஒவ்வொன்றின் தொடக்கத்திலும் இருக்கும் மௌனத்தை வெட்டி எடுக்க வேண்டும். அந்த மௌனம் சில மில்லி செகண்டுதான் இருக்கும் என்றாலும், அதை அப்படியே விட்டுவிட்டால் பேட்டர்ன் முழுவதும் தாளத்திற்குப் பின்னால் இழுத்துக்கொண்டே வரும். நெருக்கி வெட்டினாலோ குச்சி தோலில் படும் அந்த முதல் கீறல் போய்விடும். அது போனால் பறை வெறும் தகரமாகிவிடும். இந்த வேலையைக் கணினியில், பெரிய திரையில், நல்ல ஹெட்ஃபோனில் செய்வதுதான் சரி. டிரம் மெஷினுக்குள் இதற்காக ஒரு எடிட்டிங் திரையே வேண்டாம் என்பது என் கருத்து. வெட்டிச் சுத்தம் செய்த ஒலியை வாங்கி வாசித்தால் போதும்.

இந்தத் தேவைக்கு முதலில் கைகொடுத்தது கோர்க் வோல்கா சாம்பிள். 2014-இல் வந்தது. பத்துப் பகுதிகள் (பகுதிக்கு ஓர் ஒலி), பதினாறு ஸ்டெப் (தாளச் சுற்றைச் சம துண்டுகளாகப் பிரித்த இடங்கள்), நூறு சாம்பிள்களுக்கு இடம், எல்லாம் சேர்த்து 65 விநாடி நினைவகம். ஆறு சிறு பேட்டரிகளில் ஓடும். ஸ்பீக்கரும் உள்ளேயே இருக்கும். 65 விநாடி என்பது குறைவாகத் தோன்றலாம். ஆனால் ஒரு பறை அடி அரை விநாடிகூட நீள்வதில்லை. என் முழு ஒலித் தொகுப்பும் அதில் அடங்கியது, இடமும் மிஞ்சியது. சாம்பிளை ஏற்றுவதுதான் பொறுமையைச் சோதித்தது: கைப்பேசியின் செயலி சாம்பிளை ஒலிச் சமிக்ஞையாக மாற்றி, ஹெட்ஃபோன் கம்பி வழியே கருவியின் சிங்க் துளைக்குள் அனுப்ப வேண்டும். 2020-இல் வந்த இரண்டாம் பதிப்பில் யுஎஸ்பி சேர்ந்து, இடமும் 130 விநாடியாக உயர்ந்தது. விசையின் அழுத்தத்தை உணராத தொடுபட்டைகள் என்பதால் விரலின் கனம் ஒலியில் வராது. எனக்கு அதுதான் தடையாக இருந்தது.

அதன் பிறகு வந்து, இன்றுவரை மேசையில் இருப்பது எலெக்ட்ரான் நிறுவனத்தின் மாடல்:சாம்பிள்ஸ். 2019-இல் வெளிவந்தது. ஆறு ட்ராக் (தனித்தனித் தாள வரிசைகள்), அழுத்தத்தை உணரும் ஆறு பேட் (விரலால் தட்டும் மெத்தைகள்), மேற்பரப்பு முழுவதும் குமிழ்கள். சுருதி, தேய்வு (ஒலி அடங்கும் வேகம்), தொடக்கம், நீளம், ஃபில்டர், எக்கோ, ரிவெர்ப் என்று எனக்கு அடிக்கடி தேவைப்படும் எதையும் மெனுவில் தேட வேண்டியதில்லை. ஒரு ப்ராஜெக்ட்டுக்கு 64 எம்பி சாம்பிள் நினைவகம். அதாவது சுமார் 11 நிமிட ஒலி. ஆறு ட்ராக் போதுமா என்று பலரும் கேட்பதுண்டு. ஒவ்வொரு ஸ்டெப்பிலும் வேறு சாம்பிளை வைத்துக்கொள்ளலாம் என்பதால் பறையின் மூன்று அடிகளையும் ஒரே ட்ராக்கில் அமைத்துவிடுகிறேன். ஒரு ட்ராக்கில் ஒரு நேரத்தில் ஓர் ஒலிதான் எழும். அடுத்த அடி விழும்போது முந்தைய அடியின் கார்வை தானாக அறுபடும். உண்மையான தோலிலும் அப்படித்தானே நடக்கிறது! திறந்த ஹைஹேட்டை (காலால் திறந்து மூடும் இரட்டைச் சிம்பல்) மூடிய ஹைஹேட் அறுப்பதும் இதே வழியில் எந்த ஏற்பாடும் இல்லாமல் கிடைத்துவிடுகிறது.

இதில் நான் மிகவும் மதிப்பது, ஒவ்வொரு ட்ராக்குக்கும் தனி நீளம் வைத்துக்கொள்ளும் வசதி. மிஸ்ர சாபுவின் ஏழு எண்ணிக்கைக்குப் பதினான்கு ஸ்டெப் வைத்து, ‘தகிட தகதிமி’ என்று பறையை ஓடவிட்டு, அடியில் கிக்கை (காலால் மிதித்து அடிக்கும் பெரிய டிரம்மின் ஒலி) மட்டும் பதினாறு ஸ்டெப்பில் விட்டால், இரண்டும் விலகி விலகிச் சென்று 112 ஸ்டெப்புக்குப் பிறகு மீண்டும் ஒரே இடத்தில் வந்து சேரும். நடனக் குழுவினர் அந்தச் சேரும் இடத்தில் ஓர் அடவை முடிக்கும்போது ஏற்படும் நிறைவு தனி. இத்தனைக்கும் இரண்டு குமிழ்த் திருப்பல்தான் வேலை. வோல்காவிலும் ஸ்டெப்களை அணைத்துப் பதினான்காக்க முடியும் என்றாலும், அங்கே எல்லாப் பகுதிகளும் சேர்ந்தே சுருங்கும்.

குறைகளையும் சொல்ல வேண்டும். குமிழ்கள் நிறைய இருந்தாலும் அவை தேர்ந்தெடுத்த ட்ராக்குக்கு மட்டுமே வேலை செய்யும். ஒத்திகை நடுவே இயக்குநர் ஸ்னேரை (கரகரப்பாக ஒலிக்கும் சிறு டிரம்மை) குறைக்கச் சொன்னால், முதலில் அந்த ட்ராக்கைத் தேர்ந்தெடுத்து, பிறகு ஒலியளவைத் திருப்ப வேண்டும். ஆறு ட்ராக்குக்கும் ஆறு ஃபேடர்கள் (மேலும் கீழும் இழுக்கும் ஒலியளவுக் கட்டைகள்) இருந்தால் கை தானாகப் போய் இழுத்துவிடும். ஒவ்வோர் ஒலியையும் மிக்ஸரில் தனித்தனியாக வாங்கத் தனி வெளியீடுகளும் இல்லை. கிக்குக்குக் கீழ்ஸ்தாயியைக் கூட்டினால் பறைக்கும் சேர்ந்து கூடுகிறது.

இதற்கு மேலே போனால் கருவிகளின் இயல்பே மாறிவிடுகிறது. 2017-இல் எட்டு ட்ராக்குடன் வந்த எலெக்ட்ரானின் டிஜிடாக்ட், 2024-இல் இரண்டாம் பதிப்பில் பதினாறு ட்ராக்காகவும் ஸ்டீரியோவாகவும் வளர்ந்தது. அகாயின் எம்பிசி வரிசையில் 2017 முதல் வரும் லைவ், எக்ஸ், ஒன் ஆகியவை தொடுதிரை கொண்ட முழு ஸ்டூடியோக்கள். முழுப் பாடலையும் ஒரே பெட்டியில் முடிக்க விரும்புகிறவர்களுக்கு அவை அருமையான கருவிகள் என்பதில் எனக்கு ஐயமில்லை. தாளம் மட்டும் வேண்டும் என்பவருக்கு அவை பாரம். இந்த வகையைச் சேர்ந்த பெரிய கருவி ஒன்றைச் சில காலம் வைத்திருந்தேன். மின்சாரம் போய் வந்தால் அது எழுந்து நிற்பதற்குள் ஒத்திகையின் சூடு ஆறிவிடும்; ஒரு புதுப்பிப்புக்குப் பிறகு, எனக்குப் பழகிய திரைகள் இடம் மாறியிருந்தன. அதன் சாம்பிள் கிடங்கில் ஒரு கிக்கைத் தேடத் தொடங்கினால், நூறு கிக் கேட்ட பிறகும் முடிவெடுக்க முடியாமல் நேரம் போவதுதான் மிச்சம்.

முன்பு இப்படி இருக்கவில்லை. ரோஜர் லின் 1980-இல் வெளியிட்ட எல்எம்-1தான் உண்மையான டிரம் ஒலிகளை டிஜிட்டல் சாம்பிளாக வைத்த முதல் டிரம் மெஷின். விலை சுமார் 5,000 டாலர், ஒலிகள் பன்னிரண்டு. நீண்டு ஒலிக்கும் சிம்பலுக்கு நினைவகம் அதிகம் தேவைப்படும், அது அன்று மிக விலை உயர்ந்தது என்பதால் கிராஷ், ரைடு என்ற இரு சிம்பல்களும் அதில் சேரவில்லை. 1982-இல் வந்த லின்டிரம்மில்தான் அவை வந்தன. இந்த இரண்டிலும் ஒலிகள் சிப்களில் இருந்தன. வேறு ஸ்னேர் வேண்டுமென்றால் சிப்பைக் கழற்றி வேறொரு சிப்பைப் பொருத்தலாம். பொத்தான் அதே பொத்தான், ஒலியளவு ஃபேடர் அதே ஃபேடர். அதன் பின்னால் இருக்கும் ஒலி மட்டும் மாறியிருக்கும். நான் கேட்பதும் இதே ஏற்பாட்டைத்தான், சிப்புக்குப் பதிலாக எஸ்டி கார்டு என்ற ஒரு மாற்றத்துடன்.

1985-இல் வந்த ரோலண்ட் டிஆர்-707-இன் திரையில் எல்லா வாத்தியங்களின் ஸ்டெப்களும் ஒரே கட்டத்தில் ஒருசேரத் தெரியும்; கீழே ஒலியளவு ஃபேடர்கள் வரிசையாக நிற்கும். 1986-இன் கேசியோ ஆர்இசட்-1 ஒருபடி மேலே போய், தலா 0.2 விநாடி வீதம் நான்கு சொந்த சாம்பிள்களைப் பதிவு செய்ய இடம் கொடுத்தது. அதே ஃபேடர் வரிசையும் இருந்தது. 1987-இன் இ-மியு எஸ்பி-1200-இல் மொத்தமே பத்து விநாடிதான். அந்தப் பத்து விநாடிக்குள் அடக்குவதற்காக 33 வேக இசைத்தட்டை 45-இல் ஓட்டிப் பதிவு செய்து, பிறகு சுருதியைக் கீழே இறக்கி வாசித்தார்கள். 12-பிட் என்ற குறைந்த துல்லியத்தில் ஒலியை வைக்கும் அந்தக் கருவியில் அப்படி இறக்கும்போது எழுந்த கரகரப்பே அந்தக் கால ஹிப்ஹாப்பின் முகமாகிவிட்டது.

இன்றைய கருவிகளில் என் விருப்பத்துக்கு மிக அருகில் வருவது 2018-இன் ரோலண்ட் டிஆர்-8எஸ். பதினொரு ட்ராக்குக்கும் பதினொரு ஃபேடர்கள் உண்டு. எஸ்டி கார்டிலிருந்து சொந்த சாம்பிளையும் கொண்டுவரலாம். ஆனால் கொண்டுவந்து கிட்டில் (ஒன்றாக வாசிக்கும் ஒலிகளின் தொகுப்பில்) அமர்த்துவது முழுவதும் சிறு திரை மெனுவில் நடக்கும் வேலை.

நான் வாங்கக் காத்திருக்கும் கருவியில் எட்டு பேட், எட்டு ஃபேடர், ஒவ்வொன்றுக்கும் மேலே சுருதிக்கும் தேய்வுக்கும் மட்டும் இரண்டு குமிழ், பின்னால் எட்டுத் தனி வெளியீடு இருக்க வேண்டும். எஸ்டி கார்டில் கிட் ஒன்றுக்கு ஒரு ஃபோல்டர், அதில் ஒன்று முதல் எட்டு வரை எண்ணிட்ட கோப்புகள். முதல் கோப்பு முதல் பேடுக்குப் போகும், அவ்வளவே. ட்ராக் ஒவ்வொன்றுக்கும் தனி நீளம், எஸ்ஆர்-16-இல் இருப்பதுபோல் ஏ, பி, ஃபில், ஒரு கால் ஸ்விட்ச் துளை. சாம்பிளை வெட்டும் திரை, சின்தசைசர், வைஃபை எதுவும் வேண்டாம். ரிவெர்ப்கூட மிக்ஸரில் இருக்கிறது. சாம்பிள் நேரம் ஒரு கிட்டுக்கு முப்பது விநாடி போதும். இன்றைய நினைவக விலையில் அது ஒரு செலவே அல்ல.

அது வரும்வரை, ஒத்திகைக்கு மாடல்:சாம்பிள்ஸையே பரிந்துரைப்பேன். வாங்குகிறவர்கள் ஒரு சிறு மிக்ஸரையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். கிக்கை முழுவதும் இடப்பக்கமும் மற்றவற்றை வலப்பக்கமும் ஒதுக்கி, இரண்டு சேனல்களில் தனித்தனியாக வாங்கி மோனோவாகக் கலந்தால், தனி வெளியீடு இல்லாத குறை ஓரளவு தீரும். பேட்டரியில் இயங்க வேண்டும், விரலின் கனம் ஒலியில் வர வேண்டியதில்லை என்பவர்கள் வோல்கா சாம்பிளின் இரண்டாம் பதிப்பை எடுக்கலாம். சொந்த ஒலி தேவையே இல்லை, பாட்டுக்குத் துணையாகத் தாளம் ஓடினால் போதும் என்றால், பழைய எஸ்ஆர்-16 ஒன்றை, பொத்தான்கள் சரியாக அழுந்துகின்றனவா என்று பார்த்து வாங்கிவிடுங்கள்.