கிட்டார் ஆம்ப் கீச்சிடுகிறது என்று சர்வீஸுக்குத் தூக்கிப் போகும் முன் இதைப் படித்துவிடுங்கள்

கிட்டாரில் டிஸ்டார்ஷன் (கரகரப்பு) ஏற்றி வாசிக்கிற யாராவது சர்வீஸ் கடையில் போய் "ட்ரெபிள் (சத்தத்தின் ஹை பகுதி) காதைக் கிழிக்குது" என்று சொன்னால், பல இடங்களில் முதலில் வருகிற பதில் "ட்யூப் போயிருக்கும்" என்பதுதான். ட்யூப் என்பது ஆம்புக்குள் சத்தத்தைப் பெருக்கும் கண்ணாடிக் குழாய். எனக்கும் அதுதான் சொல்லப்பட்டது. அதை நம்பியதில் 20,500 ரூபாயும் ஒரு நல்ல ஸ்பீக்கரும் போய்விட்டன. கடையின் பெயரை எழுதவில்லை. என் கையில் பில் இல்லை, இருந்திருந்தால் வேறு வழியில் போயிருப்பேன். ஆனால் நடந்ததை முழுதாகச் சொல்லிவிடுகிறேன்.

என்னுடையது மார்ஷல் ஜேசிஎம் 800 வரிசையின் 2204, ஐம்பது வாட் ஹெட், அதாவது ஸ்பீக்கர் இல்லாத ஆம்ப் பெட்டி. செகண்ட் ஹேண்டில் வாங்கியது. உள்ளே ஐந்து ட்யூப்: மூன்று இசிசி83, இரண்டு இஎல்34. கேபினட்டில் இரண்டு பன்னிரண்டு அங்குல ஸ்பீக்கர்கள், இரண்டும் செலஸ்டியன் வின்டேஜ் 30, 16 ஓம். முன்னால் ஒரு ட்யூப் ஸ்க்ரீமர் பெடல். மெட்டல் வாசிப்பவர்களுக்கு ரொம்பப் பழகிய கூட்டணி இது. பெடல் பேஸ் என்கிற அடிச்சத்தத்தைக் கொஞ்சம் வெட்டி, மிட் என்கிற நடுப்பகுதியைத் தூக்கி, ஆம்பின் முன்பகுதியைத் தள்ளும். உள்ளங்கை ஓரத்தால் தந்தியை அமுக்கி வாசிக்கிற பாம் மியூட் இறுக்கமாக வரும்.

வீட்டில் மாஸ்டர் வால்யூமை ஒன்றில் வைத்து வாசித்தபோது எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. வளசரவாக்கத்தில் நாங்கள் வாடகைக்கு எடுக்கும் ப்ராக்டிஸ் ரூமில், டிரம்ஸுக்கு ஈடாக வால்யூம் ஏற்றியதும் பிரச்சினை. ஒவ்வொரு பிக் அட்டாக்கின் மேலும் கத்திக்குச் சாணை பிடிக்கிற மாதிரி ஒரு சத்தம். கேபினட்டுக்கு எதிரே உட்காருகிற எங்கள் பாடகர் இரண்டு மணி நேரத்துக்குப் பிறகு காதைப் பிடித்துக்கொண்டு வெளியே போய் நின்றார். நான் ஆம்ப் பக்கத்திலேயே நிற்பதால் எனக்கு அந்த அளவுக்குத் தெரியவில்லை. ஃபோனில் பதிவு செய்து கேட்டபோதுதான் புரிந்தது.

இன்னொரு விஷயம் எனக்கு விளங்கவே இல்லை. கெய்ன் குமிழைக் (டிஸ்டார்ஷனைக் கூட்டிக் குறைப்பது) குறைத்தால் கீச்சு குறையும் என்று நினைத்து 8-லிருந்து 3-க்கு இறக்கினேன். கூடியது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

சரி, தெரிந்தவரிடம் காட்டலாம் என்று ஹெட்டைத் தூக்கிக்கொண்டு போனேன். கடைக்காரர் சின்ன வால்யூமில் அரை நிமிடம் கேட்டார். மீட்டர் எதையும் எடுக்கவில்லை.

"தம்பி, அஞ்சு ட்யூபும் அவுட்டு. அதான் கீச்சுங்குது."

"அண்ணா, வால்யூம் நல்லாத்தானே வருது?"

"வால்யூம் வரும். ஹை மட்டும் ஏறிடும். மாத்திக் குடுத்துட்றேன், வெண்ணெய் மாதிரி ஆகிடும்."

ஐந்து ட்யூப், பயாஸ் (ட்யூபில் ஓடும் மின்னோட்ட அளவு) செட் செய்யும் கூலி எல்லாம் சேர்த்து 13,500. ஒரு வாரம் கழித்து எடுத்து வந்தேன். சத்தம் அணுவளவும் மாறவில்லை. ஃபோன் செய்தபோது, புது ட்யூப் பழக ஒரு மாதம் ஆகும் என்றார். ஒரு மாதம் பொறுத்தேன். அப்புறம் போனபோது, "ஸ்பீக்கர் கோன் காய்ஞ்சிருக்கும், கேபினட்டைக் கொண்டாங்க" என்றார். கோன் மாற்ற 7,000. திரும்பி வந்த கேபினட்டில் கீச்சு அப்படியே இருந்தது, கூடவே பேஸும் போய்விட்டது. முன்பு நெஞ்சில் இடித்த பாம் மியூட் இப்போது அட்டைப்பெட்டியைத் தட்டுகிற மாதிரி வந்தது.

கச்சேரிகளுக்கு லைவ் சவுண்ட் பார்க்கும் ஒரு அண்ணன் எங்களுக்குப் பழக்கம். அவர் ரூமுக்கு வந்து ஹெட்டைத் தொடவே இல்லை. ஸ்பீக்கர் கேபிளின் முனையில் மல்டிமீட்டரை வைத்தார். 4.4 ஓம்.

"உள்ள என்ன இருக்குன்னு சொன்ன?"

"16 ஓம் ரெண்டு, பேரலல்."

16 ஓம் ஸ்பீக்கர் ஒன்றை மீட்டரில் வைத்தால் பன்னிரண்டு, பதின்மூன்று ஓம் காட்டும். எழுதியிருக்கும் எண்ணைவிட மீட்டரில் குறைவாகத்தான் வரும். அப்படி இரண்டு பேரலலில் இருந்தால் ஆறு சொச்சம் காட்ட வேண்டும். 4.4 காட்டினால் ஒன்று 16 ஓம், இன்னொன்று 8 ஓம் என்று அர்த்தம். பின்பலகையைக் கழற்றிப் பார்த்தோம். ஒரு பக்கம் என் வின்டேஜ் 30 இருந்தது. இன்னொரு பக்கம் லேபிள் இல்லாத, காந்தம் பாதி அளவே இருக்கிற ஏதோ ஒரு ஸ்பீக்கர். கோன் மாற்றவில்லை, ஸ்பீக்கரையே மாற்றி வைத்திருக்கிறார்கள். இரண்டும் பேரலலில் இருப்பதால் 8 ஓம் பக்கம் இரண்டு மடங்கு பவர் போகும். அதாவது நான் கேட்டுக்கொண்டிருந்தது பெரும்பாலும் அந்த மட்டமான ஸ்பீக்கரைத்தான். 16 ஓம் இரண்டு பேரலலில் 8 ஓம் ஆகும் என்று 8 ஓம் அவுட்புட்டில் மாட்டிய ஆம்புக்கும் அது பொருந்தாத சுமை.

அதன் பிறகுதான் ட்யூப் மேல் சந்தேகம் வந்தது. ஆம்பை வாங்கிய அன்று பின்பக்கத்தை நிறைய ஃபோட்டோ எடுத்து வைத்திருந்தேன். ஒரு இசிசி83-யின் தலையில் உள்ள வெள்ளிப்பூச்சு ஒரு பக்கமாகச் சரிந்து, பிறை மாதிரி இருக்கும். "புது" ட்யூபிலும் அதே பிறை, அதே இடத்தில். கண்ணாடி மேலிருந்த எழுத்து மட்டும் துடைக்கப்பட்டிருந்தது. என் ட்யூபையே துடைத்து எனக்கு விற்றிருக்கிறார்.

இதில் எனக்கு ஆற்றாமை பணத்தைப் பற்றி மட்டும் இல்லை. அவர் சொன்ன காரணமே தலைகீழ். தேய்ந்த ட்யூப் மழுங்கும். பேஸ் தளர்ந்து, ஹை மங்கி, வால்யூம் இறங்கும். ஸ்பீக்கரும் அப்படித்தான். வின்டேஜ் 30 புதிதாக இருக்கும்போதுதான் முரடாக இருக்கும், வாசிக்க வாசிக்க இளகும். ட்யூப் உண்மையிலேயே கெட்டால் வேறு அடையாளங்கள் உண்டு: உள்ளே உள்ள ப்ளேட் சிவந்து கனன்று தெரியும், வெள்ளிப்பூச்சு பால் வெள்ளையாகும், படபடவென்று பொரியும். கீச்சு சம்பந்தமாக ட்யூப் மேல் பழி போடக்கூடிய ஒரே நிலை, நீங்கள் வாசிக்காதபோதும் அது தானாகக் கூவுவது. அப்போது பென்சிலால் ஒவ்வொரு இசிசி83-யையும் மெல்லத் தட்டினால் எது என்று ஸ்பீக்கரே சொல்லிவிடும். வாசிக்கும்போது மட்டும் காதைக் கிழித்தால், அது பெரும்பாலும் பழுதே இல்லை.

என் கீச்சு எங்கிருந்து வந்தது? அந்த அண்ணன் என்னைக் கேபினட்டுக்கு முன்னால் முழங்காலிட்டு உட்காரச் சொன்னார். காது ஸ்பீக்கருக்கு நேராக வந்தது. அவர் என் கிட்டாரை எடுத்து ஒரே ஒரு பவர் கார்ட் அடித்தார். நான் எழுந்துவிட்டேன்.

பன்னிரண்டு அங்குல ஸ்பீக்கர் உயர் அதிர்வெண்களை டார்ச் வெளிச்சம் மாதிரி நேராக மட்டும் அனுப்பும், பக்கவாட்டில் போகாது. கேபினட் தரையில், என் காது ஐந்தடி உயரத்தில். எனக்கு மழுங்கலாகக் கேட்டதால் ட்ரெபிளையும், அதற்கும் மேலான ஹையைக் கூட்டும் ப்ரெசன்ஸையும் 8-க்கு ஏற்றி வைத்திருந்தேன். அந்த ஒளிக்கற்றை முழுவதும் எதிரே உட்கார்ந்தவர் முகத்தில். போதாக்குறைக்கு அந்த செட்டிங் வீட்டில், சின்ன வால்யூமில் செய்தது. குறைந்த சத்தத்தில் நம் காது பேஸையும் உச்ச ஹையையும் சரியாக வாங்காது. ஃப்ளெட்சரும் மன்சனும் 1933-லேயே அளந்து காட்டியது இது. அதனால் வீட்டில் மிட்டை இறக்கி ட்ரெபிளை ஏற்றத் தோன்றும். அதே செட்டிங் முழு வால்யூமில் ஊசியாகிவிடும். கூடவே வின்டேஜ் 30-க்கு 2 முதல் 3 கிலோஹெர்ட்ஸ் பகுதியில் இயல்பாகவே ஒரு தூக்கல் உண்டு.

இப்போது கெய்னைக் குறைத்தால் கீச்சு கூடிய கதை. இந்த ஆம்பில் ப்ரீஆம்ப் வால்யூம் பாட்டின், அதாவது நான் கெய்ன் என்று சொன்ன குமிழின், குறுக்கே 1000 பிகோஃபாரட் கெப்பாசிட்டர் ஒன்று உண்டு. பிரைட் கேப் என்பார்கள். பாட்டைக் குறைத்தால் மற்ற எல்லாம் குறையும், ஹை மட்டும் அந்தக் கெப்பாசிட்டர் வழியாகக் குறுக்கு வழியில் போய்விடும். பாட் முழுதாகத் திறந்திருந்தால் அதற்கு வேலையே இல்லை. முன்னால் பெடல் வைத்து, கெய்னை மூன்றில் வைத்து வாசிப்பவர்களுக்கு அது உச்சத்தில் வேலை செய்யும். இந்த ஆம்பைத் திறந்து பழகிய எந்த டெக்னீஷியனுக்கும் இது தெரியும். "கெய்ன் குறைச்சா கூடுதுண்ணா" என்று நான் கடையில் வாய்விட்டுச் சொன்னேன். அந்த ஒரு வரியே போதும், காரணம் கண்டுபிடிக்க. அவர் அதைக் காதில் வாங்கவே இல்லை.

இன்னொரு டெக்னீஷியன் அந்த 1000-ஐ எடுத்துவிட்டு 100 பிகோஃபாரட் போட்டார். கூலி 500 ரூபாய், கெப்பாசிட்டர் விலை சில ரூபாய். இதை நீங்களே செய்யப் பார்க்காதீர்கள். உள்ளே 400 வோல்ட்டுக்கு மேல் ஓடும். ப்ளக்கைப் பிடுங்கிய பிறகும் ஃபில்டர் கெப்பாசிட்டர்களில் அது தங்கியிருக்கும், ஆளைக் கொல்லும்.

மற்றதெல்லாம் காசில்லாத வேலை. கேபினட்டைக் காலி டிரம் கேஸ் மேல் ஏற்றிச் சற்று மேல்நோக்கிச் சாய்த்தோம். என் காதுக்கு நேராக வந்ததும் கை தானாகவே ட்ரெபிளை 4-க்கும் ப்ரெசன்ஸை 3-க்கும் இறக்கிவிட்டது. மிட் 7. முழு வால்யூமில், டிரம்ஸ் ஓடும்போது செட் செய்தோம். பெடலின் டோனையும் பாதிக்குக் கீழே வைத்தேன். மேடையில் எஸ்எம்57 மைக்கை ஸ்பீக்கரின் நடு மூடிக்கு நேராக வைக்காமல் அதன் ஓரத்துக்கு நகர்த்தி, மிக்ஸரில் 7 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் வெட்டச் சொல்கிறேன். கிட்டார் ஸ்பீக்கரே 5 கிலோஹெர்ட்ஸைத் தாண்டினால் வேகமாக விழுந்துவிடும், அதற்கு மேல் இருப்பதில் நமக்கு வேண்டியது ரொம்பக் கொஞ்சம். கல்லூரி விழாக்களில் டிஸ்டார்ஷன் பெடலை நேராக மிக்ஸரில் சொருகிவிட்டுக் குளவிக்கூடு மாதிரி வருகிறதே என்று தவிக்கும் தம்பிகளுக்கும் இதுதான் காரணம். அரங்கத்துக்கான பிஏ ஸ்பீக்கர் அந்தக் குப்பை முழுவதையும் அப்படியே காட்டும். நடுவில் கிட்டார் ஸ்பீக்கர் மாதிரி ஹையை வெட்டும் கேபினட் சிமுலேட்டர் ஒன்று கட்டாயம் வேண்டும்.

கடைக்குத் திரும்பப் போனேன். ஃபோட்டோவைக் காட்டினேன். "எல்லா ட்யூபும் பாக்க அப்படித்தான் இருக்கும் தம்பி" என்றார். ஸ்பீக்கரைக் கேட்டதற்கு, "நீங்க குடுத்தப்பவே அதுதான் இருந்துச்சு." கேபினட்டின் உள்பக்கத்தை நான் படம் எடுத்து வைத்திருக்கவில்லை. பணம் கையில் கொடுத்தது. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915 இருக்கிறது. ஆனால் நான் கொடுத்தேன், அவர் வாங்கினார் என்பதைக் காட்ட ஒரு துண்டுச் சீட்டுகூட என்னிடம் இல்லை.

ஆகவே யாரிடம் கொடுத்தாலும், எவ்வளவு பழகியவராக இருந்தாலும், கொடுக்கும் முன் ட்யூப்களையும் ஸ்பீக்கர் லேபிள்களையும் படம் எடுங்கள். கேபிள் முனையில் ஓம் அளந்து, அந்த மீட்டரையும் சேர்த்தே ஒரு படம். கழற்றிய பாகங்களைத் திருப்பித் தர வேண்டும் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். நல்ல டெக்னீஷியன் அதற்குக் கோபப்பட மாட்டார். பயாஸ் செட் செய்தேன் என்றால், ப்ளேட் வோல்டேஜ் எத்தனை, ஒவ்வொரு இஎல்34-க்கும் எத்தனை மில்லி ஆம்பியர் என்று கேளுங்கள். வேலை செய்தவருக்கு அந்த எண் நாக்கு நுனியில் இருக்கும். நீங்கள் வாசிக்கிற வால்யூமில் ஒரு தரமாவது கேட்காமல் பாகத்தை மாற்றச் சொல்பவரிடமிருந்து ஆம்பைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுங்கள்.

காணாமல் போன என் வின்டேஜ் 30-யின் அடையாளம்: 16 ஓம், பின்பக்க லேபிளின் ஓரம் கிழிந்திருக்கும், இரும்புச் சட்டத்தில் திருப்புளி சறுக்கி விழுந்த இரண்டு அங்குலக் கீறல் ஒன்று குறுக்காக ஓடும். சென்னையில் செகண்ட் ஹேண்டில் அப்படி ஒன்று விலைக்கு வந்தால், வாங்கும் முன் எனக்கு ஒரு செய்தி அனுப்புங்கள்.