வெடித்த மவுத்பீஸுக்குப் பித்தளைப் பூண்: வேலூர் கடைசல் பட்டறை ஒன்று

வேலூர்ப் பக்கம் சாக்ஸபோன் ஊதுகிறவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உங்கள் பழைய எபோனைட் (கெட்டி ரப்பர்) மவுத்பீஸின் பின்பக்கம், அதாவது சாக்ஸின் கழுத்துக் குழாயான நெக்கில் சுற்றிய கார்க்கின்மேல் ஏறுகிற ஷாங்க், நீளவாக்கில் விரிசல் விட்டிருந்தால் அதைத் தூக்கிப் போடாதீர்கள். லாங் பஜாருக்குப் பின்னால் ஒரு கடைசல் பட்டறை இருக்கிறது. போர்டு கிடையாது. ஒரு காலத்தில் எபோனைட் பேனா கடைந்த பெரியவர் ஒருவர் அங்கே பூண், அதாவது இறுக்கிப் பிடிக்கும் பித்தளை வளையம், போட்டுத் தருகிறார். பூண் வேலைக்கு அவரை மிஞ்ச ஆள் இல்லை என்பேன். மற்ற வேலைகளைப் பற்றி எனக்கு வேறு அபிப்பிராயம்.

என்னுடையது ஆல்டோ சாக்ஸ். மவுத்பீஸ் பழைய நியூயார்க் மேயர், 5 நம்பர். எனக்கு வாசிக்கக் கற்றுக்கொடுத்த மாமா தந்தது. இப்போது மேயர் பெயரில் வருவதை அமெரிக்காவில் எல்கார்ட் என்ற ஊரில் ஜே.ஜே. பாபிட் கம்பெனி செய்கிறது. அதுவும் மோசமில்லை, வாசித்துப் பார்த்திருக்கிறேன். ஆனால் தோடியில் காந்தாரத்தை அசைக்கும்போது பழையதுதான் என் உதட்டுக்கு அடங்கும். கத்ரி கோபால்நாத் வழிகாட்டிய பிறகு எங்கள் பக்கத்துக் கல்யாண வீடுகளில் நாயனத்துக்குப் பக்கத்திலேயே சாக்ஸும் உட்கார்ந்துவிட்டது. மேளக்காரர்களோடு சரிக்குச் சரி கமகம் வாசிக்க வேண்டியிருப்பதால் மவுத்பீஸ் விஷயத்தில் சமாதானம் ஆக முடியாது.

வெடித்தது குடியாத்தம் கெங்கையம்மன் சிரசுத் திருவிழாவில். வைகாசி ஒண்ணாம் தேதி வெயிலைப் பற்றி வட ஆற்காட்டுக்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. வெளியூர்க் கடை ஒன்றில் நெக்குக்குப் புதுக் கார்க் ஒட்டியிருந்தார்கள், தேவைக்கு மேல் தடிமனாக. அழுத்தி ஏற்றியதும் 'டிக்'கென்று ஒரு சத்தம். மேல் ஸ்தாயி வந்தது. கீழ் ஸ்தாயி சுத்தமாகப் போய்விட்டது. விரிசல் வழியாகக் காற்று கசிந்தால் முதலில் அடி வாங்குவது கீழே இருக்கும் ஸ்வரங்கள்தான்.

பெரியவர் மவுத்பீஸைக் கையில் வாங்கியதும் கட்டைவிரலால் பரபரவென்று தேய்த்து மோந்து பார்த்தார். கந்தக வாசனை வந்தால் எபோனைட். ரப்பரோடு கந்தகத்தைச் சேர்த்து வேகவைத்துச் செய்கிற பொருள் அல்லவா? பிளாஸ்டிக்காக இருந்தால் தொடமாட்டாராம். அடுத்து அவர் கேட்டது:

“நெக்கு எங்க நைனா?”

“வீட்ல கீதுங்கய்யா. வெடிச்சது இதானே?”

“நெக்கு இல்லாம நான் இன்னாத்த பண்றது? பூண் போட்டுக்கினு போயி அதே கார்க்குல ஏத்துவ. பூணைத் தாண்டி வெடிக்கும். போய் எடுத்துக்கினு வா.”

இந்த ஒரு கேள்விக்காகவே அவருக்கு மதிப்பெண் போடலாம். ஷாங்க்கை உள்ளிருந்து பிளப்பது கார்க்கின் அழுத்தம். அதைக் குறைக்காமல் வெளியே எத்தனை பூண் போட்டாலும் வீண். என் கார்க்கை அவரே உப்புத்தாளால் தேய்த்துக் குறைத்தார். கிரீஸ் தடவினால் திருகி ஏற்றலாம், வறண்டிருந்தால் ஏறாது என்கிற அளவில் நிறுத்தினார்.

வேலையைப் பக்கத்தில் நின்று பார்க்க விட்டார். விரிசல் முடிகிற இடத்தில் ஊசிமுனை அளவுக்கு ஒரு துளை; அதற்கு மேல் ஓடாமல் இருக்க. பிறகு தண்ணீர்போல ஓடுகிற சூப்பர் க்ளூவை ஒரு சொட்டு விட்டார், விரிசலே அதை உறிஞ்சிக்கொண்டது. நூலால் இறுக்கிச் சுற்றி மறுநாள் வரைக்கும் விட்டுவிட்டார். ஆல்டோ ஷாங்க்கின் உள்வாய் சுமார் 16 மில்லிமீட்டர். அதற்குச் சரியாக மரத்தில் ஒரு முளை கடைந்து, மவுத்பீஸை அதில் ஏற்றி, லேத்தை மிக மெதுவாக ஓட்டி ஷாங்க்கின் வெளிப்பக்கத்தைத் தலைமுடி கனத்துக்குச் சீவிச் சீவி எடுத்தார். வேகமாக ஓட்டினால் சூடேறி எபோனைட் இளகுமாம். தூள் விழ விழப் பட்டறை முழுக்கத் தீபாவளி மறுநாள் வாசனை.

பூண் பித்தளைக் குழாயில் அறுத்தது. ஒரு மில்லிமீட்டர் கனம், 12 மில்லிமீட்டர் அகலம். பற்றவைப்பு கிடையாது என்பதால் பற்று ஈயம் பற்றிய பயமும் இல்லை. அதுவும் தவிர அது வாயில் வைக்கிற முனையே அல்ல. வண்டிச் சக்கரத்துக்குப் பட்டை போடுவதுபோலக் காய்ச்சி இறக்குவீர்களா என்று கேட்டேன். முறைத்தார். எபோனைட்டுக்குச் சூடு ஆகாது, சுடுதண்ணீரில் கழுவினாலே பச்சை பாய்ந்துவிடும். கையால் தள்ளினால் ஏறும் அளவுக்குக் கடைந்து, அரால்டைட் பசை தடவி ஏற்றினார். இப்போது பூணும் ஷாங்க்கும் சமமட்டம், நகத்தால் வருடினால் தட்டாது. கீழ் ஸ்தாயி திரும்பிவிட்டது. உள்வாயில் ஒரு சுரண்டலும் இல்லாததால் சுருதி வைக்கிற இடமும் கார்க்கில் மாறவில்லை. பூண் கனத்தால் நாதம் கெட்டிப்படும் என்று சில வாசிப்பாளர்கள் சொல்வார்கள். என் காதுக்கு அப்படி எதுவும் கேட்கவில்லை.

இனி குறை. மவுத்பீஸின் மேல்பக்கம் பல் பதிந்த பள்ளத்தை எபோனைட் தூளும் சூப்பர் க்ளூவும் குழைத்து அடைத்தார். நிறம் ஒட்டவில்லை: பழையது ஆலிவ் பச்சை, அடைத்தது கன்னங்கரேல். அதுகூடப் போகட்டும், ஓரத்தில் ஒரு மேடு நின்று பல்லை உறுத்துகிறது. அதன்மேல் ரப்பர் பேட்ச் ஒட்டித்தான் வாசிக்கிறேன். பேட்ச் போதுமென்றால் இந்த வேலைக்குக் காசு கொடுக்காதீர்கள்.

ரீட் (நாணல் பட்டை) உட்காரும் தட்டையான மேசை, அதன் இரு பக்க விளிம்புகளான தண்டவாளங்கள், நுனி, இவற்றில் அவர் கை வைப்பதில்லை. நீங்களும் கேட்காதீர்கள். 5 நம்பர் மேயரின் நுனித் திறப்பு, அதாவது ரீடுக்கும் நுனிக்கும் நடுவே உள்ள இடைவெளி, ஒரு அங்குலத்தில் ஆயிரத்தில் 71 பங்கு, மில்லிமீட்டரில் 1.8. இதில் நாலைந்து பங்கு மாறினால் அது அடுத்த நம்பர் மவுத்பீஸ். தட்டையான கண்ணாடியும், பைக் மெக்கானிக் டாப்பெட் இடைவெளி பார்க்கிற மெல்லிய தகடுகளான ஃபீலர் கேஜும் இருந்தால் நுனிப் பக்கம் தண்டவாளங்களின் வளைவு இரண்டு பக்கமும் ஒன்றாக இருக்கிறதா என்று வீட்டிலேயே பார்த்துக்கொள்ளலாம். பார்ப்பதோடு நிறுத்துங்கள். உலோக மவுத்பீஸுக்கு முலாம் பூசுவதும் இங்கே கிடையாது.

என்னிடம் பூணுக்கும் ஒட்டுக்கும் சேர்த்து 700 ரூபாய் வாங்கினார், கார்க் தேய்த்ததற்குத் தனியாகக் கேட்கவில்லை. ரசீது, போன், கூரியர் எதுவும் இல்லை. நேரில்தான் போக வேண்டும். காலையில் போனால் மனுஷன் பேசுவார், மதியத்துக்கு மேல் சிடுசிடுப்பு. சொன்ன தேதிக்குக் கொடுக்கவும் மாட்டார், அதனால் முகூர்த்தத்தை வைத்துக்கொண்டு போகாதீர்கள். ஆடியில் கூழ் ஊற்றும் கோயில்கள், மார்கழியில் கிறிஸ்துமஸ் என்று பேண்டுக்காரர்களுக்கு ஓய்வு ஏது? புரட்டாசிதான் தோது. நெக்கை மறக்காமல் எடுத்துப் போங்கள்.