ஒரு வெள்ளி டோக்கனும் அம்மாவின் ஆடும் பல்லும்

பெர்த்திலிருந்து இந்த முறை மூன்று வாரம் லீவு எடுத்து வந்தேன். அதில் பாதி, பல் கிளினிக் வாசலில் போனது.

ஊர் என்று நான் சொல்வது மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு சின்னப் பட்டணம். ஒரு காலத்தில் சுற்றிலும் பால்மரம் என்கிற ரப்பர், இப்போது எண்ணெய்க்கு வளர்க்கிற செம்பனை. தோட்டத் தொழிலாளர் வரிசை வீடான லயத்தை விட்டு வந்து இருபது வருஷம் தாண்டியும் அம்மா "தோட்டத்துல இருந்தப்ப" என்றுதான் பேச்சை ஆரம்பிப்பார். வந்த அன்று சாயங்காலம் முறுக்கைத் தேத்தண்ணியில் ஊறப்போட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கேட்டதற்கு, "கீழ ரெண்டு பல்லு ஆடுதுடி. விழுந்தா விழட்டும், வயசாச்சில்ல" என்றார். வயது 71. இனிப்பு நீர் (நீரிழிவு) வந்து பதினாலு வருஷம்.

மறுநாள் அரசாங்கப் பல் கிளினிக்குக்குக் கூட்டிப்போனேன். எட்டு மணிக்குத் திறக்கிறார்கள். ஏழேகாலுக்கே எங்களுக்கு முன்னால் பதினோரு பேர். அம்மாவோடு என் பெயரையும் கொடுத்துவிட்டேன். மலேசிய அடையாள அட்டையான ஐ.சி.யைக் காட்டினால் பதிவுக்கு ஒரு வெள்ளி, அதாவது ஒரு ரிங்கிட். வெளிநாட்டுக் குடியுரிமை வாங்கிவிட்டவர்களுக்கு இந்தச் சலுகை இல்லை, அதை ஞாபகத்தில் வையுங்கள். வெள்ளிக்கிழமை போவதாக இருந்தால் காலையிலேயே முடித்துவிடுங்கள், தொழுகை நேரத்துக்கு மூடிவிடுவார்கள். வலியோடு வந்தவர்களை அன்றைக்கே பார்த்தார்கள். சுத்தம் செய்ய, அடைக்க, பல் செட்டுக்கு அளவெடுக்க எல்லாம் தேதி எழுதிக்கொடுத்தார்கள்.

டாக்டர் சின்ன வயது மலாய்ப் பெண். "வலி இருக்கா?" என்று தமிழில் கேட்டதிலேயே அம்மா பாதி சரணாகதி. ஆனால் அம்மா பல்லைப் பிடுங்கச் சொன்னபோது டாக்டர் உடனே ஒத்துக்கொள்ளவில்லை. பல்லில் சொத்தை இல்லை, பல்லைப் பிடித்திருக்கிற ஈறும் எலும்பும்தான் கரைந்திருக்கிறது என்று கண்ணாடியில் காட்டினார். ஈறின் ஓரத்தில் காறை மஞ்சளாக, கல் மாதிரி படிந்திருந்தது. அப்புறம் அவர் பல்லைப் பற்றிக் கேட்கவில்லை, கடைசியாகச் சீனி அளவு எவ்வளவு என்று கேட்டார். இனிப்பு நீர் கட்டுக்குள் இல்லாவிட்டால் ஈறு நோய் வேகமாக முற்றும். ஈறு புண்ணாகவே இருந்தால் சீனியும் இறங்க அடம்பிடிக்கும். பதினாலு வருஷமாக மாதாமாதம் மருந்து எடுக்கிற அம்மா இதைக் கேட்டது அன்றைக்குத்தான்.

"காறையை எடுத்தா பல்லு ஆட்டம் கண்டுடும்னு சொல்றாங்களே?" என்று கேட்டார் அம்மா. தோட்டத்தில் எல்லோரும் சொல்வதுதான். நானும் நம்பியிருக்கிறேன். காறை பல்லைப் பிடித்துக்கொண்டிருப்பதில்லை. அது எலும்பு கரைந்த இடத்தை மறைத்துக்கொண்டிருக்கிறது, எடுத்ததும் இடைவெளி கண்ணுக்குத் தெரிகிறது, அவ்வளவுதான்.

வரிசையில் உட்கார்ந்திருந்தபோது என் பள்ளிக்கூட நாட்கள் ஞாபகம் வந்தன. வெள்ளைச் சட்டை போட்ட பல் மிஸ்ஸி, அதாவது பல் தாதி, வருவார், சாய்வு நாற்காலியை மண்டபத்தில் விரிப்பார்கள், எங்களுக்குக் கால் நடுங்கும். 1949லிருந்தே பினாங்கில் பல் மிஸ்ஸிகளுக்குப் பயிற்சி கொடுத்து இந்த நாட்டில் பள்ளிக்கூடங்களுக்கு அனுப்பியிருக்கிறார்கள். 1966ல் ஜொகூரில் குழாய்த் தண்ணீரில் பல் சொத்தையைத் தடுக்கிற ஃபுளோரைடு கலக்க ஆரம்பித்தார்கள். பிள்ளைகளின் பல்லுக்கு இந்த நாடு செய்தது குறைவில்லை. பள்ளியை முடித்தபிறகு நம்மைத் தேடி யாரும் வருவதில்லை. நாமும் வலி வரும்வரை போவதில்லை. அம்மாவைக் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை. பால்மரம் வெட்டிப் பால் எடுத்த காலத்தில் பட்டணத்துக்குப் போய்வந்தால் ஒரு நாள் சம்பளம் போச்சு. தோட்டத்து மருத்துவ உதவியாளரான டிரஸ்ஸர் மாத்திரை கொடுப்பார், கன்னம் வீங்கினால்தான் வண்டி.

இரண்டாவது தடவை பக்கத்து வீட்டுப் பாட்டியையும் ஏற்றிக்கொண்டோம். நாற்பது வருஷமாக வெத்திலை. "பொயிலை போடுறதே இல்ல, பாக்கும் சுண்ணாம்பும்தான், ஒன்னும் செய்யாது" என்று வழி முழுக்கச் சொல்லிக்கொண்டே வந்தார். பொயிலை இல்லாத வெத்திலை பாக்கும் வாய்ப் புற்றுநோயை வரவழைக்கும் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை இருபது வருஷத்துக்கு முன்பே சொல்லிவிட்டது. பாட்டியின் கன்னத்து உட்பக்கம் துடைத்தால் போகாத வெள்ளைத் திட்டு ஒன்று இருந்தது. டாக்டர் முகத்தை மாற்றிக்கொள்ளாமல் ஈப்போ பெரிய ஆஸ்பத்திரிக்குக் கடிதம் எழுதினார். வாயில் புண் இரண்டு வாரத்தில் ஆறவில்லை என்றால் வலி இல்லாவிட்டாலும் காட்டுங்கள் என்று எங்கள் மூன்று பேருக்கும் சேர்த்துச் சொன்னார்.

என் பல் அடைப்புக்குக் கிடைத்த தேதியில் நான் பெர்த்தில் இருப்பேன். அதனால் தனியார் கிளினிக். சுத்தம் செய்து, ஒரு பல் அடைத்து, 250 வெள்ளி. ஆஸ்திரேலியாவில் பெரியவர்களின் பல்லை அரசாங்க மருத்துவக் காப்பீடான மெடிகேர் பொதுவாகக் கண்டுகொள்ளாது, அங்கே இதே வேலைக்கு நான் கட்டியதை நினைத்தால் இது இனாம் மாதிரி.

அந்தத் தனியார் கிளினிக்கில்தான் அக்கா மகளின் கதையும் உடைந்தது. பதினாறு வயது. கலர் ரப்பர் போட்ட பல் கம்பி, யாரோ ஒரு அழகுக்கடை அக்கா வீட்டிலேயே ஒட்டிவிட்டாராம், 400 வெள்ளி. எக்ஸ்ரே இல்லை, ஒன்றும் இல்லை. முன்பல் ஒன்று திரும்பி, ஈறு வீங்கி ரத்தம் கசிகிறது. கழற்றிய டாக்டர் திட்டவில்லை, மாதம் இரண்டு மூன்று பேர் இப்படி வருகிறார்கள் என்றார். 2018 பல் மருத்துவச் சட்டத்தில் பதிவில்லாமல் பல் வைத்தியம் செய்தால் மூன்று லட்சம் வெள்ளி வரை அபராதம், ஆறு வருஷம் வரை சிறை. ஆனாலும் டிக்டாக்கில் விளம்பரம் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. டாக்டரின் பெயரை மலேசியப் பல் மருத்துவ மன்றத்தின் இணையப் பதிவேட்டில் தேடிப் பார்க்க ஒரு நிமிஷம் போதும். அதைக்கூடச் செய்யவில்லையே என்று அக்காவிடம் கத்தினேன். கத்தி என்ன பயன், முதல் தடவை நானும்தான் போட்டோ பார்த்து "அழகா இருக்குடி" என்று லைக் போட்டேன்.

அம்மாவின் அடுத்த தேதி ஆறு வாரம் கழித்து. தம்பி ஈப்போ தொழிற்சாலையில் ஷிப்ட், அக்காவுக்குக் கார் ஓட்டத் தெரியாது, எங்கள் பக்கம் கிராப் வாடகைக் கார் கூப்பிட்டால் வருவது அதிர்ஷ்டம். ஒரு வெள்ளி வைத்தியத்துக்குப் போய்வர வண்டி செலவு நாற்பது. கடைசியில் பாட்டியின் பேரனிடம் பேசி, இரண்டு பேரையும் சேர்த்துக் கூட்டிப்போக ஏற்பாடு செய்தேன். தேதி அட்டையை ஐஸ்பெட்டிக் கதவில் ஒட்டினேன்.

டாக்டர் சொன்னவற்றில் அம்மா ஒப்புக்கொண்டது மென்மையான பிரஷ், ஃபுளோரைடு பற்பசை, படுக்கப்போகும் முன் கண்டிப்பாக ஒருமுறை. கெட்டிப்பால் போட்ட தே நாலு வேளையிலிருந்து இரண்டாகக் குறைந்தது, அதுவும் சாப்பாட்டோடு. இனிப்பு எவ்வளவு என்பதைவிட எத்தனை தடவை என்பதுதான் பல்லைத் தின்கிறது. ஒவ்வொரு தடவையும் இனிப்பிலிருந்து வாய்க் கிருமிகள் உண்டாக்கும் அமிலத்தை எச்சில் தணிக்க அரை மணி நேரம் போராடுகிறது.

ஒன்றில் மட்டும் தோற்றேன். விளக்கியபின் துப்பினால் போதும், தண்ணீர் விட்டுக் கொப்பளித்தால் ஃபுளோரைடு போய்விடும்.

"வாய்ல நுரையோட படுக்கச் சொல்றியா? நான் என்ன சவர்க்காரமா?"

நேற்று வீடியோ காலில் கேட்டேன். விளக்கியாச்சு என்றார். பின்னால் குழாய்ச் சத்தம் கேட்டது.