சீனத் தூரிகை எழுத்து: தொடக்கத்தில் ஓயாங்கா, யென்னா?

சீனத் தூரிகை எழுத்தில் சொந்தப் பாணியெல்லாம் ரொம்பப் பின்னால் வருவது. முதலில் பழைய மேதை ஒருவரின் கல்வெட்டுப் படியை (கல்லின் மேல் காகிதத்தை ஒற்றி மையால் எடுத்த நகலை) எதிரே வைத்து, அதைப் பார்த்து அப்படியே எழுதிப் பழக வேண்டும். கைஷு என்ற திருத்தமான வடிவத்துக்குப் பெரும்பாலும் தாங் அரசமரபுக் காலத்து இருவரில் ஒருவரைத்தான் கையில் கொடுப்பார்கள்: ஓயாங் ஷுன் (557–641) அல்லது யென் ஜென்சிங் (709–785).

ஓயாங் 632இல், முதுமையில் எழுதியது ஜியூசெங் அரண்மனைக் கல்வெட்டு. மெலிந்த கோடுகள், நெட்டையான எழுத்துகள், வலப்பக்கம் லேசாக மேலேறும் கிடைக்கோடுகள். அழகு முழுக்க இடைவெளிக் கணக்கில்தான் இருக்கிறது. ஒரு கோடு மயிரிழை நகர்ந்தாலும் எழுத்தே சாய்ந்துவிடும். தூரிகை இன்னும் வசப்படாத கைக்கு இது கடும் சோதனை. இன்னொரு சிக்கல், நூற்றாண்டுக் கணக்கில் படியெடுத்து அந்தக் கல்லே தேய்ந்துவிட்டது. அவ்வளவாகத் தேயாதபோது, சோங் அரசமரபுக் காலத்தில் (960–1279) எடுத்த படிகளின் அச்சைத் தேடி வாங்குவது நல்லது.

யென் எழுத்தில் செங்குத்துக் கோடுகள் தடிமன், கிடைக்கோடுகள் மெலிவு. எழுத்து கட்டத்தை நிறைத்து உட்காரும். ‘ஒன்று’ என்ற எண்ணுக்கு ஒரே ஒரு கிடைக்கோடுதான். ஆனால் அதற்கே முனையை முதலில் இடப்பக்கம் செலுத்தி, திருப்பி அழுத்தி, வலப்பக்கம் இழுத்து, முடிவில் சற்றுத் தூக்கி, மறுபடி அமர்த்தி, வந்த வழியே மீட்க வேண்டும். அப்போதுதான் முனை கோட்டுக்குள் மறைந்து இரு ஓரமும் உருண்டு வரும். மயிர்க்கற்றை விரிவதும் கூம்புவதும் விரலுக்குப் புரிவது இங்கேதான். அதனால் என் ஓட்டு யென்னுக்கே.

அவரிலும் நாற்பதுகளில் எழுதிய துவோபாவ் கோபுரக் கல்வெட்டில் (752) தொடங்கலாம், ஒழுங்கானது. அப்புறம் தன் கொள்ளுத்தாத்தாவுக்காக அவர் எழுதிய யென் சின்லி கல்வெட்டு (779). நெடுங்காலம் மண்ணில் புதைந்து கிடந்து 1922இல் சியானில் கிடைத்ததால் அதன் விளிம்புகள் இன்றும் கூர்மை.

‘யென்னின் தசைநார், லியூவின் எலும்பு’ என்று சீனத்தில் சொல்வதுண்டு. அந்த லியூ, அதாவது இன்னொரு தாங் மேதையான லியூ கோங்சுவான் (778–865), இரண்டாம் கட்டத்துக்கானவர்.

யென்னைத் தேர்ந்தால் ஒன்றைக் கவனியுங்கள். மெதுவாக எழுதும்போது பதப்படுத்தாத சுவான் என்ற சீனத் தூரிகைக் காகிதம் மையை உறிஞ்சிப் பரப்பிவிடும். மூங்கில்கூழ்க் காகிதமும், ஆட்டுமயிரும் மரநாய் வகை மயிரும் கலந்த தூரிகையும் போதும். பேனாக் கையெழுத்தும் கூடவே திருந்த வேண்டும் என்பவர்கள் மட்டும் ஓயாங்கிலேயே தொடங்கலாம். அந்த மெல்லிய கோடுகள் பேனாவுக்கு அப்படியே ஒத்துவரும்.